தேதி போடாமல் நான் எழுதிய பதினோரு கடிதங்கள்

“ஏளா, ஏஜென்சி ஆளுக்கு ஏது நோட்டீசு? காலைல கேட்டுல பாஸ வச்சா ‘பீப்’னு அடிக்கும். அடிக்கலேன்னா அதான் நோட்டீசு. பேசாம வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போவ வேண்டியதுதான்.”

இப்படிச் சொன்னவர் பால்பாண்டி அண்ணாச்சி. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் நான் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டின் வாசல் காவலர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நம்மை நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டு, சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

எட்டு வருடம் கழித்து அந்த யார்டிலிருந்து ‘ரிட்டயர்’ ஆகிவிட்டேன். முப்பது வயதில் என்ன ரிட்டயர்மெண்ட் என்று கேட்காதீர்கள். நான் பார்த்த வேலையே ரிட்டயர் ஆகிவிட்டது. நாங்கள் அட்டையும் பேனாவும் பிடித்து நின்ற இடத்தில் இப்போது டேப்லெட் வந்துவிட்டது. அதைப் பிடிக்க வந்திருக்கும் புதுப் பிள்ளைகளில் ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். “அக்கா, சேரும்போது இந்தப் பேப்பர்ல கையெழுத்து கேக்காவ. போடலாமா?” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே வாசகம்! தேதிக்கு எதிரே அதே காலி இடம்! அவளுக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆனால் போனில் அடங்காத கதை ஒன்று பின்னால் இருக்கிறது.

எங்கள் வீடு திரேஸ்புரத்தில். அப்பா அடுத்தவர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மா கருவாடு காயப் போடுகிறவள். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டைத் தலைகீழாகப் பிடிக்காத முதல் ஆள் நான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். பி.காம். முடித்த அன்று அப்பா என் மார்க் ஷீட்டைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அந்த நாலு வீட்டிலும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் என்ன, சீல் இருந்ததே!

ஏஜென்சி மூலம் டேலி கிளார்க்காகச் சேர்ந்தேன். கண்டெய்னருக்குள் எத்தனை மூட்டை ஏறுகிறது என்று ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணுவதுதான் வேலை. இரண்டு வாரம் கற்றுக்கொடுத்தார்கள், அதில் ஒரு வாரம் வெயிலில் மயங்கி விழாமல் நிற்கக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் தானாக வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘லைட் டெஸ்ட்’. காலியாக வரும் கண்டெய்னரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கடலில் தண்ணீர் இறங்கி சரக்கு கெட்டுவிடும். ஓட்டையை வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். வெளியே நிற்கும் ஆள் இரண்டு கதவையும் சாத்த வேண்டும். உள்ளே கும்மிருட்டு. இருட்டு கண்ணுக்குப் பழகியதும் கூரையிலோ மூலையிலோ நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் அந்தப் பெட்டி ஆகாது. வெளியே நிற்கிற நான் மனத்துக்குள் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லி முடித்துவிட்டுக் கதவைத் திறப்பேன். மதிய வெயிலில் அந்த இரும்புக்குள் அதற்கு மேல் ஒருத்தர் நிற்க முடியாது. பிறகு ஒரு சீட்டு. ‘உள்ளே இருந்தவர்’ என்று ஒரு கையெழுத்து, ‘வெளியே இருந்தவர்’ என்று ஒரு கையெழுத்து, தேதி, பெட்டி எண். மூன்று நகல். ஒன்று யார்டுக்கு, ஒன்று கப்பல் கம்பெனிக்கு, ஒன்று சரக்குக்காரருக்கு.

என் சீட்டுகளில் பெரும்பாலும் உள்ளே இருந்தவர் செல்லக்கனி அக்கா. முத்தையாபுரத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், பெட்டி சுத்தம் செய்யும் பெண்களில் ஒருத்தி. எழுதத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். கடைசி எழுத்தின் வாலை இழுத்துக்கொண்டே போய்ப் பேப்பரின் ஓரத்தில்தான் நிறுத்துவாள். “இன்னும் எடம் இருந்தா இன்னும் இழுப்பேன்ளா” என்பாள்.

இனி எங்கள் மேனேஜரைப் பற்றி. ஏஜென்சியின் ஆள், பெயர் தேவராஜ் சார். எட்டு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சுத்தம் செய்யும் அக்காமார்களையும் “வாங்க அம்மா, உக்காருங்க அம்மா” என்றுதான் சொல்வார். வெள்ளைச் சட்டை, மடிக்காத முழுக்கை, பையில் இரண்டு பேனா. நீலம் கையெழுத்துக்கு, கறுப்பு தேதிக்கு. எந்தக் காகிதத்தையும் வரிக்கு வரி விரலை ஓட்டித்தான் படிப்பார். படித்து முடித்ததும் மை காயாவிட்டாலும் காய்ந்திருந்தாலும் ஒருமுறை ஊதுவார். மேஜை மேல் மக்ரூன் டப்பா ஒன்று இருக்கும். அது மூடியே இருக்கும். திறந்திருந்தால் யாரோ ஒருவர் அன்று வீட்டுக்குப் போகிறார் என்று பொருள். வாயில் மக்ரூன் கரைவதற்குள் வேலையும் கரைந்துவிடும்.

நான் சேர்ந்து ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். செல்லக்கனி அக்காவும் இன்னும் பத்துப் பெண்களும் அன்றுதான் சேருகிறார்கள். டப்பா மூடியிருந்தது, நிம்மதியாக உட்கார்ந்தேன்.

“அரசி அம்மா, உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கு. இவங்கள்ல யாருக்கும் எழுத வராது. நீங்க கொஞ்சம் உதவி பண்ணணும்.”

விண்ணரசி என்ற என் பெயரை அவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை. முத்துக் குளித்த ஊரில் பிறந்தவளிடம் முத்து என்று சொன்னால் மயங்காமல் என்ன செய்வாள்! ஒரு மாதிரிக் கடிதத்தைத் தள்ளினார். ஆங்கிலத்தில் நாலு வரி. சொந்தக் காரணங்களுக்காக நான் வேலையை விட்டு விலகுகிறேன், யாரும் வற்புறுத்தவில்லை, எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.

“சார், இது ராஜினாமா மாதிரில்லா இருக்கு?”

“சம்பிரதாயம்தான் அம்மா. நீங்களும் சேர்ந்த அன்னிக்கு அச்சடிச்ச பேப்பர்ல போட்டுக் குடுத்தீங்களே, அதே விஷயம்தான். தேதியை மட்டும் விட்டுருங்க.”

எழுதினேன். பதினோரு கடிதம். ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்துகளைச் சாய்த்து, ஒரே அளவாக, அழகாக. எழுதும்போது எனக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. செல்லக்கனி அக்கா தன் கடிதத்தின் அடியில் வாலை இழுக்கும் முன் கேட்டாள்:

“என்னளா எழுதியிருக்கு?”

“சேருத பேப்பர்தான்க்கா.”

சார் எல்லாவற்றையும் ஊதி, ஒரு நீல ஃபைலில் வைத்து, பீரோவைப் பூட்டினார்.

அடுத்து நடந்ததைச் சொல்லும் முன் அவுரி இலை நாளைச் சொல்லியாக வேண்டும். அக்கா சேர்ந்து பத்து மாதம் இருக்கும். வெளிநாட்டுக்குப் போகிற அவுரி இலைப் பொதிகள் லாரியில் வந்து வரிசையாக நிற்கின்றன. முதல் பெட்டியில் அக்கா உள்ளே போனாள், நான் கதவைச் சாத்தினேன். இரண்டாவது ‘அருள் நிறைந்த’ முடிவதற்குள் உள்ளேயிருந்து கதவில் அடி.

“தொறளா! ஓட்டை இல்ல. ஆனா மீன் தூளு ஏத்துன பெட்டி இது. மூக்குல ஏறுது.”

லாரி டிரைவர் கத்த ஆரம்பித்தார். “எக்கா, எலைக்கு என்ன மூக்கா இருக்கு? ஏத்தி விடு.”

“எலைக்கு இல்லலே. அங்கன கப்பல்லேர்ந்து எறக்குதவனுக்கு இருக்கும்லா மூக்கு? ஒன் பெட்டி போன வேகத்துல திரும்பி வரும்.”

இரண்டாவது பெட்டியில் கூரை மூலையில் ஒரு புள்ளி வெளிச்சம். அதுவும் ஆகாது என்றாள். ஒரே நாளில் இரண்டு பெட்டி தள்ளுபடி! யார்டே கூடிவிட்டது. நான் இரண்டு சீட்டிலும் காரணத்தை எழுதினேன், அக்கா இரண்டிலும் வாலை இழுத்தாள். கடைசியில் சரக்குக்காரர் தானே வந்து மோந்து பார்த்து, அக்காவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கு ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. முத்தையாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய செல்லக்கனி அக்கா கேட்டில் பாஸை வைத்தாள். பீப் இல்லை. துடைத்துவிட்டு வைத்தாள். இல்லை. பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் இல்லை. பால்பாண்டி அண்ணாச்சி ரிஜிஸ்டரில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

விஷயம் இதுதான். சுத்தம் செய்யும் வேலையின் ஒப்பந்தம் இன்னும் நாலு வாரத்தில் வேறு ஏஜென்சிக்குப் போகிறது. அந்தத் தேதியில் வேலையில் இருப்பவர்களை, பழைய சர்வீஸோடு அப்படியே எடுத்துக்கொள்வதாகப் புது ஏஜென்சி சொல்லியிருந்தது. அன்றைக்கு யார் வேலையில் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். இப்போதே வெளியே போனவர்கள் போனவர்கள்தான். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் இவர்கள் அந்தத் தேதியைத் தொட்டுவிடுவார்கள். அப்படிப் போனால் பழைய சர்வீஸுக்குச் சேர வேண்டிய பணத்தை எங்கள் ஏஜென்சிதான் கட்ட வேண்டும், அதற்குத் தேவராஜ் சாருக்கு விருப்பமில்லை. அதனால் நீல ஃபைல் திறந்தது. மக்ரூன் டப்பாவும் திறந்தது.

அக்கா மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தபோது நான் டேலி அட்டையோடு வராந்தாவில் நின்றிருந்தேன். அவள் கையில் ஒரு ஜெராக்ஸ்.

“ஏளா அரசி, நான் எப்பம்ளா வேலைய விட்டேன்?”

எட்டிப் பார்த்தேன், என் சாய்ந்த எழுத்து, நான் போடாத ஒரு தேதி.

“எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இது ஒன் கையெழுத்துன்னு தெரியும். தெனமும் ஒன் சீட்டத்தான பாக்குதேன்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. “போனா போவுதுன்னு விடமாட்டேன். போகச் சொன்னது அவருன்னு அவரு கையால எழுதித் தரட்டும். நானா போகல” என்று மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒன் பேப்பரும் அவரு பீரோவுலதான இருக்கு?”

“ஆமா.”

“நாளைக்கே தேதியப் போட்டு ஒன்னையும் அனுப்பிருவாரு.”

“அனுப்பட்டும்பா. எழுதுனது நான். எழுதுனவதான சொல்லணும்?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஊசியை வலையில் குத்திவிட்டு எழுந்தார். “அப்பம் காலைல நானும் வாரேன். எனக்கு அங்கன ஒண்ணும் வெளங்காது. ஆனா வெளிய ஒக்காந்திருப்பேன்.”

தொழிலாளர் அலுவலகத்தில் பதினோரு பேரின் மனுவையும் கொடுத்தோம். இந்த முறை தமிழில் எழுதினேன், எழுதியதை உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். அங்கே இருந்த பெண் அதிகாரி எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஏஜென்சி ஆளும் தொழிலாளிதான். தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்த ஒருவரை நிறுத்துவதென்றால் ஒரு மாதம் முன்னால், காரணம் சொல்லி, எழுத்தில் கொடுக்க வேண்டும். அல்லது அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் தானாக ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. “அதனால ஒரே கேள்விதான்,” என்றார். “இவங்க போனாங்களா, அனுப்பப்பட்டாங்களா?”

விசாரணை நாளில் தேவராஜ் சார் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். என்னைப் பார்த்ததும் “சாப்டீங்களா அம்மா?” என்றார். ஃபைலைத் திறந்து நிதானமாகச் சொன்னார்: இந்தப் பதினோரு பேரும் ஏழு மாதத்துக்கு முன்பே விருப்பப்பட்டு ராஜினாமா செய்தார்கள், பத்து நாள் கழித்துப் புதிதாகச் சேர்ந்தார்கள், ஆகவே யாருக்கும் ஒரு வருட சர்வீஸே இல்லை, நோட்டீஸ் தேவையில்லை.

அதிகாரி கடிதங்களை விசிறி மாதிரி விரித்தார். “பதினோரு பேரும் ஒரே நாள்ல விலகினாங்களா? எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே?”

“எழுதத் தெரியாதவங்க மேடம். ஒருத்தர் உதவிக்கு எழுதிக் குடுத்தாங்க.”

“யார் எழுதினது?”

எழுந்தேன். “நான்தான் மேடம். ராஜினாமான்னு தெரிஞ்சுதான் எழுதினேன். ஆனா அவங்க சேர்ந்த அன்னிக்கு எழுதினேன். தேதி நான் போடல. எழுத்து நீல மை, தேதி கறுப்பு மை. கறுப்பு மை என்னோடது இல்ல.”

தேவராஜ் சார் புன்னகை மாறாமல் சொன்னார்: “நல்ல பிள்ளை மேடம். ஏதோ மறந்துபோய்ச் சொல்லுது.”

என் வார்த்தை ஒரு பக்கம், அவர் வார்த்தை ஒரு பக்கம். அதிகாரி கடிதத்தில் இருந்த தேதியை உரக்கப் படித்தார், மறுபடி சேர்ந்ததாகச் சொன்ன தேதியையும் படித்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். சட்டென்று எனக்கு மூக்கில் மீன் தூள் நாற்றம் அடித்தது! சத்தியமாக அடித்தது!

“மேடம்! அந்தப் பத்து நாளுக்குள்ளதான் அவுரி இலை நாள்!”

எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். மூச்சு வாங்க லைட் டெஸ்ட்டைச் சொன்னேன். உள்ளே ஒரு ஆள் இல்லாமல் அந்தச் சீட்டே கிடையாது என்றேன். யார்டு நகல் அவர்கள் கையில் இருக்கலாம், ஆனால் சரக்குக்காரர் நகல் சரக்குக்காரரிடம் இருக்கும் என்றேன். தேவராஜ் சாரின் விரல் முதல் தடவையாக வரியை விட்டு நகர்ந்தது.

அடுத்த விசாரணைக்கு அந்த நகல்களை வரவழைத்திருந்தார்கள். தள்ளுபடியான இரண்டு பெட்டிக்காகத் தகராறு நடந்ததால் சரக்குக்காரர் அந்த வாரத்துச் சீட்டுகளை எல்லாம் கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் கட்டில் பதினோரு பேர் கையெழுத்தும் இருந்தது. மேலே இருந்தது, பேப்பரின் ஓரம்வரை வால் நீண்ட ஒரு கையெழுத்து.

அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்தார். “சார், இந்தத் தேதியில இவங்க வேலையிலேயே இல்லைன்னு சொல்றீங்க. அப்போ பெட்டிக்குள்ள இருந்தது யாரு?”

சார் சீட்டை வாங்கி, விரலை ஓட்டிப் படித்தார். ஊதவில்லை.

செல்லக்கனி அக்கா எழுந்தாள். “நாந்தான் மேடம் உள்ள இருந்தேன். வெளிய நின்னவ இவதான். கதவச் சாத்துனவளும் இவ, தொறந்தவளும் இவ.”

அவள் பெட்டியைத்தான் சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அந்த ராஜினாமாக் கடிதங்கள் செல்லாது என்று ஏஜென்சி எழுதிக் கொடுத்தது. பதினோரு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். பிறகு முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு மாத நோட்டீஸ், தமிழில், காரணத்தோடு, தேதியோடு. அந்தத் தாளைக் கொடுக்கும்போது தேவராஜ் சார் பழக்கதோஷத்தில் மக்ரூன் டப்பாவைத் திறந்து நீட்டினார். அக்கா கையை விட்டு நாலு அள்ளினாள்.

“வேலைய விட்டு நிப்பாட்டுத பேப்பர வாங்கிட்டு இவ்ளோ சந்தோசமா இனிப்பு திங்கது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன் சார்.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நோட்டீஸ் மாதம் முடிவதற்குள் ஒப்பந்தம் கை மாறியது. அன்று பதினோரு பேரும் யார்டில்தான் இருந்தார்கள். மறுநாள் காலை புது ஏஜென்சியின் பாஸை அக்கா கேட்டில் வைத்தாள். பீப்! பால்பாண்டி அண்ணாச்சி இருந்த இடத்திலேயே எழுந்து சல்யூட் அடித்தார். அதிகாரி சொன்னதன் பேரில், நீல ஃபைலில் தேதியில்லாமல் கிடந்த மற்ற எல்லாரின் தாள்களும் திரும்பி வந்தன. என்னுடையதும். அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். நான் எவ்வளவு அழகாக ஏமாந்தேன் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டாமா?

டேலி வேலை அந்த ஏஜென்சியிடமே இருந்ததால் நான் தேவராஜ் சாரிடமே தொடர்ந்தேன். அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. “சாப்டீங்களா அம்மா?” மாறவே இல்லை. எழுதித் தரச் சொல்லி மட்டும் பிறகு கூப்பிட்டதில்லை. ஆனால் எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுவதென்றாலும், போடும் முன் என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லும் வழக்கம் யார்டில் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வரிசை நிற்கும். வாசித்துக் காட்டுவேன், காலி இடம் இருந்தால் அவர்களையே கோடு போட்டு அடைக்கச் சொல்வேன், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். போன வாரம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னதும் இவ்வளவுதான். அவள் மேனேஜரிடம் போய், “தேதிய இன்னிக்கே போட்டுக் குடுங்க சார், இன்னிக்கே விலகினா நான் எப்படிச் சேருவேன்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டாளாம். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். எனக்குத் தோன்றாத கேள்வி!

இந்த வருடம் டேப்லெட் வந்தபோது நானும் ஒரு கடிதம் எழுதினேன். என் பன்னிரண்டாவது ராஜினாமாக் கடிதம், எனக்காக நான் எழுதிய முதல் கடிதம். தேவராஜ் சார் வரிக்கு வரி விரலை ஓட்டினார். முடிவில் கை தானாகக் கறுப்புப் பேனாவுக்குப் போனது. மேலே பார்த்தார். தேதி அங்கே இருந்தது, நீல மையில், என் கையால்.

“இன்னிக்கே போகணும்னாலும் போகலாமே அம்மா.”

“இல்ல சார். ஒரு மாசம் நோட்டீஸ். அது எனக்கு நீங்க தர வேண்டியதுன்னா, ஒங்களுக்கு நானும் தரணும்லா?”

கடிதத்தை ஊதினார். டப்பா மூடியே இருந்தது.

கடைசி நாளில் கேட்டில் பாஸை வைத்தேன். பீப். பால்பாண்டி அண்ணாச்சி கேட்டார்: “என்னளா, நோட்டீசு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது அண்ணாச்சி.”

“எங்க போற இனி?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

திருநெல்வேலிக்குப் போய்ச் சட்டக் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். அப்பா வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். சேர்க்கைப் படிவத்தில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று வரிசையாகக் கட்டங்கள். நான் அவற்றை எல்லாம் தாண்டி, கீழே போய், முதலில் தேதியை எழுதினேன்.